ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேர்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் ரொம்ப மலிவாகிப்போன விஷயம் நோய்தான். கோப்ளின் என்ற குட்டிப் பூதம் ஒன்று துருப்பிடித்த கத்தியோடு எதிரே வந்தால்கூட ஆட்டக்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். "உனக்குக் காய்ச்சல் கண்டிருக்கு" என்று சொல்லிப் பாருங்கள், முறுக்குத் தின்பதைக்கூட நிறுத்த மாட்டார்கள். பாலடின் என்ற புனித வீரன் கையை நீட்டுவான், அவனுடைய குணமாக்கும் சக்தியில் ஐந்து புள்ளி கழியும், காய்ச்சல் காணாமல் போகும். அப்புறம் அடுத்த கதவைத் திறக்கலாம்.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்டது. நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். ஒருவர் மட்டும் டிஎம், அதாவது டன்ஜன் மாஸ்டர். உலகம், ஊர், எதிரி, வானிலை எல்லாம் அவர் பொறுப்பு. செய்யப்போவது பலிக்குமா என்று சந்தேகம் வரும் இடத்தில் இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீட்டில் நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுகிறோம். டிஎம் நான்தான்.

பழைய விதிகள் நோயை இவ்வளவு இளக்காரமாக நடத்தவில்லை. 1979இல் வந்த டிஎம்களுக்கான புத்தகத்தில், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மாதம் ஒருமுறை நோய்க்காகப் பகடை உருட்டச் சொல்லியிருந்தார்கள். கூட்டம் நெரிகிற ஊர், அழுக்கு, புழுக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு கூடும். யாருக்கு எங்கே எந்த நோய் என்பதற்கு அட்டவணை வேறு. அதுவும் சரிப்படவில்லை. கதையோடு ஒட்டாமல் வானத்திலிருந்து விழும் நோய் யாரையும் யோசிக்க வைக்காது, எரிச்சல்தான் வரும். ஐந்தாம் பதிப்பு மறுகோடிக்குப் போய்விட்டது. 2014 விதிப்படி மூன்றாம் லெவல் பாலடினை எந்த நோயும் தொடாது. மற்றவர்களின் நோயைக் கை வைத்தே போக்கிவிடுவான். கிளெரிக் என்ற பூசாரிப் பாத்திரத்திடம் 'லெஸ்ஸர் ரெஸ்டொரேஷன்' என்று ஒரு மந்திரம் இருக்கிறது, ஒரு முறை சொன்னால் ஒரு நோய் போகும்.

நோய்க்கு மதிப்பு வேண்டுமென்றால் இந்த மந்திரங்களைப் பிடுங்கிவிடு என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் வழி. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆசைப்பட்டு பாலடின் ஆக வந்தவனிடம் அவன் கையைக் கட்டிப்போட்டுவிட்டு ஆடச் சொல்வது என்ன நியாயம்? மந்திரம் அப்படியே இருக்கட்டும். நோயை ஓர் ஆளின் உடம்புக்குள் அடைத்து வைப்பதில்தான் கோளாறு. திருநெல்வேலிச் சீமையில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கள் பக்கம் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டால் அது பிள்ளைக்கு மட்டும் வந்ததாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை, வீட்டுக்கே வந்திருக்கிறது. வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்தைச் செருகிவிடுவார்கள். அதற்குப் பிறகு யாருக்கும் எதுவும் விளக்க வேண்டாம். பால்காரர் படியில் ஏறாமல் செம்பில் ஊற்றிவிட்டுப் போவார். பத்திரிகை வைக்க வந்த சொந்தக்காரர் தெருவில் நின்றே தேதியைச் சொல்வார். வீட்டுக்குள் தாளிதம் கிடையாது, எண்ணெய்ச் சட்டி அடுப்பேறாது. பிள்ளை வேப்பிலைப் படுக்கையில் கிடக்கும். சொறியக் கூடாது, இலையால் தடவிக்கொள்ளலாம். முத்து வாடியதும் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். ஊற்றி முடிகிறவரைக்கும் அந்த வீட்டுக்காரர்களுக்குக் கல்யாணமும் இல்லை, கோயில் கொடையும் இல்லை.

சின்னம்மைக் கிருமி உடம்புக்குள் போய் வெளியே தெரிவதற்குப் பத்திலிருந்து இருபத்தோரு நாள் ஆகும். அதனால்தான் மூத்தவனுக்குத் தண்ணீர் ஊற்றி, அப்பாடா என்று உட்காரும் நேரத்தில் இளையவளுக்கு முதல் கொப்புளம் தெரியும். காய்ந்த வேப்பிலையை எடுத்துவிட்டுப் புதிதாகச் செருகுவார்கள். மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டில் முழுப் பரீட்சை லீவும் இப்படியே போய்விடும்.

இதில் ஹிட் பாயின்ட், அதாவது உயிர்ப் புள்ளி, ஒன்றாவது குறைந்ததா? இல்லை. ஆனால் அந்த வீட்டின் நடமாட்டம் மொத்தமும் நின்றுவிட்டது. எங்கள் ஆட்டத்தில் நான் கொண்டுவந்த முதல் நோய் விதி இதுதான், பகடையே இல்லாத விதி. குழுவில் ஒருவனுக்கு அம்மை என்றால் நால்வருக்கும் வேப்பிலை. எந்தச் சத்திரத்திலும் இடம் கிடையாது. கொல்லன் வாளை வாங்கித் தீட்ட மாட்டான். கோட்டைக் காவலர்கள் பத்தடி தள்ளி நின்று பேசுவார்கள். பாலடின் நோயைப் போக்கிவிடலாம், ஆனால் போய்விட்டது என்று ஊரார் நம்ப வேண்டுமே. "கை வெச்சாராம், போயிட்டாம்" என்று ஒரு கிழவி முகத்தைச் சுளித்தால் பாலடின் என்ன செய்வான்? தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை காத்திருக்க வேண்டியதுதான். அதற்குள் அவர்கள் துரத்திக்கொண்டு வந்த ஆள் மலையைத் தாண்டிவிடுகிறான்.

உடம்புக்குள் நடப்பதையும் சும்மா விட்டுவிட வேண்டியதில்லை. 2012இல் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காய்ச்சலின் கள்ளத்தனம் தெரியும். காய்ச்சல் அடிக்கும்போது ஆபத்து குறைவு. மூன்று நாலு நாள் கழித்துச் சூடு தணிந்து, பிள்ளை எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்கும் நேரத்தில்தான் நீர் ரத்தக் குழாயிலிருந்து கசிந்து, தட்டணுக்கள் விழுந்து, ஆள் சரிவது. இதை விதியாக்குவது சுலபம். மூன்று நாள் உடம்பை முறிக்கிற காய்ச்சல். நாலாம் நாள் டிஎம் முகத்தில் எதையும் காட்டாமல் "காய்ச்சல் விட்டுருச்சு" என்று சொல்ல வேண்டும். பாலடின் தன் புள்ளிகளைச் சண்டைக்கு மிச்சம்பிடித்துக்கொள்வான். அன்றைக்கும் மறுநாளும் படுத்துக் கிடந்து நீர் குடித்தவனுக்கு ஒன்றும் ஆகாது. கிளம்பி நடந்தவனுக்குத்தான் உண்மையான சேவிங் த்ரோ, தப்பிப்பானா என்று பார்க்கும் பகடை. ஒருமுறை இப்படிச் சரிந்துவிட்டால் அப்புறம் "காய்ச்சல் விட்டுருச்சு" என்ற வார்த்தைக்கே மேஜையில் எல்லோரும் பதறுவார்கள்.

சிக்குன்குனியா இன்னும் அருமையான பொருள். ஆளைக் கொல்வது அபூர்வம், ஆனால் மாதக்கணக்கில் மூட்டை விடாது. 2006இல் தமிழ்நாடு முழுக்க ஆட்கள் காலையில் பல் விளக்கும் பிரஷைப் பிடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். வாள் வீரனான ஃபைட்டருக்கு அதைக் கொடுங்கள். விடிந்து ஒரு ஜாமம் ஆகும்வரை பெரிய வாளை இறுக்கிப் பிடிக்க வராது. இது தெரிந்த எதிரி எப்போது வருவான் என்று சொல்ல வேண்டுமா?

எல்லாவற்றையும்விட எங்கள் மேஜையில் நின்று விளையாடியது வாந்திபேதி.

ஆட்ட உலகத்தின் வரைபடத்துக்கு நான் மெனக்கெடவில்லை. தாமிரபரணியை அப்படியே எடுத்துப் பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டேன். கோடைமேலழகியானிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் எட்டு அணைக்கட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் பிரியும் கால்வாய், கால்வாயில் தொங்கும் குளங்கள், குளத்தடியில் ஊர்கள். தண்ணீரோடு வரும் நோய்க்கு இதைவிட நல்ல வரைபடம் கிடைக்காது. மேலே இருப்பவன் எதைக் கழுவினாலும் கீழே இருப்பவன் குடிக்க வேண்டும். கால்வாயின் கடைமடையில் ஓர் ஊர் வைத்தேன், நூற்று நாற்பது வீடு. நம் ஆட்கள் போய்ச் சேர்ந்த அன்று ஒன்பது பேருக்கு வயிற்றாலை. மறுநாள் புதிதாக இருபது பேர். அதற்கு மறுநாள் முப்பது.

இப்போது மந்திரத்துக்கு வருவோம். ஐந்தாம் லெவல் பாலடினுக்குக் கை வைக்க இருபத்தைந்து புள்ளி, ஒரு நோய்க்கு ஐந்து, ஆக ஐந்து பேர். அவனிடம் இரண்டாம் நிலை மந்திர ஸ்லாட் இரண்டு உண்டு, ஒரு ஸ்லாட்டுக்கு ஒரு மந்திரம், லெஸ்ஸர் ரெஸ்டொரேஷனைச் சொன்னால் இன்னும் இரண்டு பேர். அதே லெவல் கிளெரிக்குக்கு இரண்டாம் நிலையில் மூன்று, மூன்றாம் நிலையில் இரண்டு. கூட்டினால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேர். அதுவும் சண்டைக்கென்று ஒன்றும் மிச்சம் வைக்காமல். விதியில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை, படுத்திருக்கும் ஆட்களை மட்டும் கூட்டினேன்.

முதல் நாள் பாலடினாக ஆடும் மாப்பிள்ளை உற்சாகமாகத்தான் கை வைத்தான். இரண்டாம் நாள் ஒரு நோட்டை எடுத்துப் பெயர் எழுத ஆரம்பித்தான். கைக்குழந்தை முதலா, ஏழு பேருக்குச் சோறு போடும் தாய் முதலா, மடைத் திறவுகோல் வைத்திருக்கும் நீர்ப்பாய்ச்சி முதலா? ஊர்ப் பெரியவர் தன் மச்சானை வரிசையில் முன்னுக்குத் தள்ளப் பார்த்தார். ஆட்டத்தில் அதுவரை எந்த டிராகனிடமும் அவ்வளவு நேரம் அவன் தயங்கி நான் பார்த்ததில்லை.

கிளெரிக்காக ஆடும் தம்பி இங்கே பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படிக்கிறான். அவன் விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவன். உணவையும் நீரையும் சுத்தமாக்கும் முதல் நிலை மந்திரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டான். ஐந்தடி ஆரத்துக்குள் இருக்கும் தண்ணீரில் நோயும் விஷமும் போய்விடும், சடங்காகச் சொன்னால் ஸ்லாட்டும் செலவாகாது. "உறைகிணறு பத்தடி அகலம்தான? கயித்தக் கட்டி எறக்குங்க, நடுவுல நின்னு சொல்லுதேன்." விதிப்படி சரிதான். கொடுத்துவிட்டேன். கிணறு சுத்தமாயிற்று.

மறுநாள் காலையில் அதே தெருவில் புதிதாக நாலு பேர்.

"எல, கிணத்தச் சுத்தம் பண்ணியாச்சுல்லா? அப்புறம் எப்படி?"

குழுவில் மூத்தவர் ஓர் அண்ணன், ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவர், ஃபைட்டராக ஆடுகிறார். அதுவரை வாயே திறக்கவில்லை. "கிணத்துக்கு ஊத்து எங்கேருந்து வருதுன்னு ஒருத்தனாவது கேட்டியளாடா?" என்றார். எனக்குக் கை தட்ட வேண்டும்போல இருந்தது. டிஎம் தட்டக் கூடாது.

1854இல் லண்டனில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் காலராவில் செத்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்து, பிராட் தெருவின் ஒரு பம்பில் போய் நின்றார். காலராக் கிருமி எது என்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்வதற்குப் பல வருடம் முந்தைய கதை இது. நுண்ணோக்கி இல்லாத கற்பனை உலகத்திலும் இந்த வேலையைச் செய்யலாம், தெருத்தெருவாகப் போய் "எங்கே தண்ணி எடுக்கீய" என்று கேட்டால் போதும். எங்கள் ஆட்கள் அதைச் செய்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சண்டைகூட இல்லை. கால்வாயோரமாக மேற்கே நடந்து, இரண்டு குளம் தாண்டி, மேலூரில் கொடைக்காகக் கூடியிருக்கும் கூட்டம் ஆற்றங்கரையிலேயே தங்கி எல்லாவற்றையும் ஆற்றிலேயே முடித்துக்கொள்வதைக் கண்டுபிடித்தார்கள்.

கண்டுபிடித்தாலும் படுத்திருப்பவர்களை என்ன செய்வது? காலராவில் ஆளைக் கொல்வது நீர் வற்றிப்போவது. இறங்கும் நீரை உப்போடும் இனிப்போடும் திரும்பக் கொடுத்துக்கொண்டே இருந்தால் பெரும்பாலோர் பிழைப்பார்கள். 1971 வங்கதேசப் போரின்போது எல்லையோரத்துப் பங்கான் அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் இதைத்தான் செய்தார். சலைன் பாட்டில் தீர்ந்துபோக, உப்பும் சோடா உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்மில் வைத்து, கூட வந்த சொந்தக்காரர்களையே கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது வரை போன சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. இதைத் தெரிந்துவைத்திருந்த அண்ணன், தன் பாத்திரத்துக்கு அது தெரியக்கூடாதே என்று தயங்கினார். ஊர் மருத்துவச்சியிடம் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். வயிற்றாலை போனால் வடிகஞ்சியில் உப்புப் போட்டுக் கொடுப்பது அவளுக்குப் பழக்கம்தான். கொதிக்க வைத்த கஞ்சி, உப்பு. மந்திரம் ஒன்றும் வேண்டாம். பன்னிரண்டு என்ன, இருநூறு பேருக்கும் காணும்.

ஆனால் உப்பு தீர்ந்துவிட்டது. கடற்கரையிலிருந்து உப்பு ஏற்றி வரும் வண்டிகள், பேதி ஊர் என்று கேள்விப்பட்டதும் பாதி வழியிலேயே திரும்பிவிட்டன. நோய் வந்த ஊருக்கு முதலில் நின்றுபோவது வண்டிதான். ஆக, நாலு வீரர்களும் பொக்கிஷம் தேடிப் போகவில்லை, உப்பளத்துக்குப் போய்ப் பத்து மூட்டை உப்பை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வண்டிக்காரரைச் சம்மதிக்க வைக்க உருட்டிய பகடைதான் அந்த மாதத்திலேயே எல்லோரும் எழுந்து நின்று பார்த்த பகடை. பாலடின் அந்தப் பன்னிரண்டில் ஐந்தை அவருக்கும் அவர் வீட்டுக்கும் முன்கூட்டியே ஒதுக்கி வாக்குக் கொடுக்க வேண்டியிருந்தது.

நடுவில் ஒரு விஷயம். நோயை ஆட்டத்துக்குள் கொண்டுவருவதற்கு முன்னால் ஆடுகிறவர்களிடம் கேட்டுவிட வேண்டும். 2021இல் வீட்டில் ஆளைப் பறிகொடுத்த ஒருவர் எங்கள் மேஜையில் இருக்கிறார். மூச்சுத் திணறல் மட்டும் வேண்டாம் என்றார். சரி, எங்கள் உலகத்தில் எந்த நோய்க்கும் மூச்சுத் திணறாது. காரணம் கேட்டுக்கொண்டிருக்க அது என்ன நேர்முகத் தேர்வா?

ஊருக்கு வடக்கே ஒரு தனித் தெருவும் அதற்கொரு தனிக் கிணறும் வைத்திருந்தேன். நம் பக்கத்து ஊர்களின் வரைபடத்தை நேர்மையாகப் போட்டால் அது வராமல் இருக்காது. கற்பனை உலகம் என்பதற்காக அதை அழித்துவிட்டு ஆட எனக்கு மனமில்லை. அந்தக் கிணறு கால்வாய்ப் பாய்ச்சலுக்கு வெளியே, பாறை மேட்டில் தோண்டியது. அதனால் அந்தத் தெருவில் ஒருவருக்கும் பேதி இல்லை. ஊர் அதை எப்படிப் புரிந்துகொள்ளும்? நாலாம் நாள் பெரியவர் சொன்னார், "எங்களுக்கெல்லாம் கண்டிருக்கு, அவனுவளுக்கு ஒண்ணும் இல்ல. அப்ப யாரு வெச்சது?"

இது நான் கற்பனை செய்ததல்ல. 1348இலும் 1349இலும் ஐரோப்பாவில் கொள்ளைநோய் பரவியபோது, யூதர்கள் கிணறுகளில் விஷம் வைத்தார்கள் என்று சொல்லி ஊர் ஊராகக் கொன்றார்கள். கற்பனை விளையாட்டுகளில் இன்றைக்கும் எலிமனிதர்களோ ஏதோ ஓர் இனமோ வேண்டுமென்றே நோயைப் பரப்புவதாகக் கதை வைப்பது சர்வ சாதாரணம். எனக்கு அந்தக் கதையைக் கண்டாலே ஆகாது. வதந்தியைக் கிளப்பியவன் சொன்னதை அப்படியே உண்மையாக்கி, வாளையும் ஆட்டக்காரன் கையில் கொடுத்துவிடுகிறது.

அன்று ராத்திரி பந்தத்தோடு கிளம்பிய கூட்டத்தை நம் ஆட்கள் தெருமுனையில் மறித்து நின்றார்கள். சண்டைக்குத் தயாராகப் பகடையை எடுத்தான் மாப்பிள்ளை. அண்ணன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு என்னைக் கேட்டார், "ஊருக்குள்ள நல்ல தண்ணி இருக்கது இந்த ஒரு கிணத்துலதான?"

ஆமாம் என்றேன்.

அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் பேச்சுதான். கஞ்சி காய்ச்சும் தண்ணீரை அங்கே எடுத்தால் நாளைக்கே புது நோயாளி வருவது நிற்கும். ஆனால் தண்ணீர் கொடுக்க அந்தத் தெருவுக்கு என்ன தலையெழுத்து? ஒரு நாழிகைக்கு முன்னால் கொளுத்த வந்தவர்கள் இவர்கள். அந்தப் பக்கம் அதைக் கேட்ட பாட்டி பாத்திரமாக நான்தான் பேசினேன், எனக்கே பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது. இந்தப் பக்கம், செத்தாலும் அங்கே குடிக்க மாட்டோம் என்று நாற்பது வீடு. பாலடின் எல்லோர் முன்னாலும் ஒரு செம்பு வாங்கிக் குடித்தான். அவன் எங்கிருந்தோ வந்தவன், அவனுக்கென்ன என்றுவிட்டார்கள். கடைசியில் மருத்துவச்சி குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். அவள் பின்னால் பிள்ளை படுத்திருக்கும் வீட்டுப் பெண்கள் போனார்கள். பாட்டி ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: பகலில் வரணும், பொழுது சாய்ந்து ஒளிந்து வந்தால் கயிறு கிடையாது.

நாற்பதில் பதினெட்டு வீடு இன்னும் வரவில்லை. ஒரு நாளைக்கான பன்னிரண்டு இடமும் இப்போது பெரும்பாலும் அந்தப் பதினெட்டு வீட்டுக்கே போகின்றன, அதில் பாலடினுக்கு ஏகப்பட்ட கோபம். மேலூரில் கொடைக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. கூட்டத்தை ஆற்றங்கரையிலிருந்து கிளப்பச் சொல்லிக் கேட்க யார் போவது என்று வாட்ஸ்ஆப் குழுவில் சண்டை நடந்துகொண்டிருக்கிறது. அண்ணன் மடையை அடைத்துவிடலாம் என்கிறார். தம்பி, அடைத்தால் கடைமடை நெல் காயும் என்கிறான். நெல் காய்ந்தால் என்ன ஆகும் என்று நான் இன்னும் விதி எழுதவில்லை, எழுதிக்கொண்டிருக்கிறேன்.